சுவரும் ஒரு சுவடியே: திமிஷ்கின் வண்ண அறைகளும் மீட்புப் பணியின் நேர்மையும்

பழைய மாளிகையொன்றைப் பழுது நீக்கி மீட்டெடுக்கும்போது கல்லும் மரமும் எழுப்பும் வினாக்கள் பெரும்பாலும் வலிமை பற்றியவை. விட்டம் தாங்குமா, சுவர் நிற்குமா என்பதைப் பொறியாளர் அளந்து சொல்லிவிடுவார். வண்ணம் எழுப்பும் வினா வேறு வகையானது. இச்சுவர் முதலில் எந்த நிறத்தில் இருந்தது? அதை அறிவிப்பவர் யார்? அவருடைய அறிவிப்பை எதைக் கொண்டு ஏற்பது? இவை சாட்சியம் பற்றிய வினாக்கள். சாட்சியத்தை எடை போடுவதையே ஒரு தனிக் கலையாக வளர்த்தவர்கள் நம் முன்னோரான ஹதீஸ் கலை அறிஞர்கள். ஆயினும் அதே நாகரிகம் எழுப்பிய இல்லங்களின் வண்ணங்கள் ஆராயப்படும்போது அக்கலையின் நெறிகள் நினைவுகூரப்படுவதில்லை. அந்நெறிகளை அளவுகோலாகக் கொண்டு, திமிஷ்க் எனப்படும் டமாஸ்கஸ் நகரத்து மாளிகைகளின் வண்ண அறைகளும் அவற்றின் மீட்புப் பணிகளும் எவ்வாறு மதிப்பிடப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அஜமி: பெயரும் வேலைப்பாடும்

உஸ்மானியர் ஆட்சிக் காலத்தில் (1516–1918) திமிஷ்கின் செல்வர் இல்லங்கள் தெருவை நோக்கி எளிய பூச்சுச் சுவரையே காட்டி நின்றன. அவற்றின் செல்வம் முழுவதும் உள்ளே இருந்தது. நடுவில் முற்றமும் நீர்த்தொட்டியும். முற்றத்தை நோக்கிய விருந்தினர் கூடம். அக்கூடத்தைக் காஆ என்பர். நுழைந்ததும் கீழ்நிலையில் அமைந்த பகுதி அதபா. அங்கிருந்து படியேறினால் விருந்தினர் அமரும் உயர்நிலைப் பகுதி தஸர். இவ்விரு பகுதிகளின் சுவர்களையும் கூரையையும் வண்ணமிட்ட மரப்பலகைகள் போர்த்தியிருந்தன. அவ்வேலைப்பாட்டிற்குத் திமிஷ்க் மக்கள் வைத்த பெயர் அஜமி.

அஜம் என்னும் அரபுச் சொல் அரபியரல்லாதாரை, சிறப்பாகப் பாரசீகரைக் குறிக்கும். தம் நகரின் தலைசிறந்த கைவினையை அயலார் பெயரால் அழைத்துப் பெருமை கொண்ட மக்கள் அவர்கள் என்பது நோக்கற்பாலது.

அஜமி என்பது வெறும் ஓவியப் பூச்சு அன்று. ஜிப்சமும் விலங்குப் பசையும் கலந்த குழம்பினால் மலர்களையும் கொடிகளையும் எழுத்துகளையும் முதலில் மரத்தின் மீது சற்றே புடைத்து நிற்குமாறு வரைவர். அப்புடைப்புகளுள் சிலவற்றின் மீது மெல்லிய வெள்ளீயத் தகட்டை ஒட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ண மெருகைப் பூசுவர். கீழே உலோகம் மின்ன, மேலே சிவப்பும் பச்சையும் கண்ணாடி போல் ஒளிரும். வேறு சில இடங்களில் பொன்தாள் ஒட்டப்படும். இவற்றுக்கு அருகிலேயே முட்டைக் கருவில் குழைத்த வண்ணம் எவ்விதப் பளபளப்புமின்றி அமைதியாகப் பூசப்பட்டிருக்கும். மின்னும் பரப்பும் மின்னாப் பரப்பும் அடுத்தடுத்து அமைவதே இக்கலையின் உயிர். பகலில் முற்றத்துச் சாளரத்தின் வழியே வரும் ஒளியும் இரவில் விளக்கின் அசையும் சுடரும் படும்போது, அறை நாழிகைக்கு நாழிகை வேறுபட்டுத் தோன்றும். ஆகவே இங்கு நிறம் என்பது இன்ன வண்ணம் என்னும் ஒற்றைச் செய்தி அன்று. அடித்தளம், உலோகம், மெருகு, ஒளி ஆகிய நான்கும் சேர்ந்து தரும் விளைவாகும்.

இவ்வறைகள் வாசிக்கப்படுவதற்காகவும் அமைந்தவை. மேல்விளிம்புகளிலும் சுவர்ப் பலகைகளிலும் அரபுக் கவிதை அடிகள் பொறிக்கப்பட்டன. இமாம் பூஸீரி (ரஹ்) அவர்களின் கஸீதத்துல் புர்தாவின் அடிகள் திமிஷ்க் அறைகளில் விரும்பிப் பொறிக்கப்பட்டவை. நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாவால் ஓதப்பட்டு வரும் அப்பாடல் அங்கு பொன்னெழுத்தாய்ச் சுவரிலும் நின்றது.

இக்கலை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. வண்ணமிட்ட சிரிய மர அறைகளுள் இன்று எஞ்சியவற்றில் மிகப் பழையது ஹலப் (அலெப்போ) நகரைச் சேர்ந்தது. ஈஸா இப்னு புத்ருஸ் என்னும் கிறித்தவ வணிகரின் இல்லத்தில் ஹிஜ்ரி 1009, 1012 (கி.பி. 1600–1603) ஆகிய ஆண்டுகளைத் தாங்கி நின்ற அதன் பலகைகள் 1912இல் பெர்லின் அருங்காட்சியகத்திற்காக வாங்கப்பட்டன. தாவூத் (அலை) அவர்களின் சங்கீத அடிகளும், அரபு, பாரசீகப் பொன்மொழிகளும், கன்னி மர்யமின் உருவும், லைலா மஜ்னூன் காட்சியும் அவ்வொரே அறையில் இடம்பெற்றுள்ளன. கைவினைஞரின் மொழி நகரத்தார் அனைவருக்கும் பொதுவாக இருந்தமைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இருண்டுபோன அறை

இத்தகைய அறைகளைப் புகைப்படங்களில் காண்போர் மனத்தில் பதியும் முதல் எண்ணம் கருமை கலந்த பழுப்பு நிறமே. தேன் நிறமும் தேநீர் நிறமும் கலந்த மங்கலான பலகைகள். அவற்றினூடே அங்கங்கே தலைகாட்டும் பொன். கீழைத்தேயத்து மாளிகை என்றாலே இவ்வாறு இருண்டு, கனத்து, மர்மம் பூண்டு இருக்கும் என்னும் கருத்து மேலைநாட்டு ஓவியங்களாலும் பயண நூல்களாலும் முன்பே பரவியிருந்தது. எட்வர்ட் ஸயீத் 1978இல் வெளியிட்ட 'ஓரியண்டலிசம்' நூலுக்குப் பின் அக்கருத்தின் வேர்களை நாம் நன்கறிவோம். அருங்காட்சியகத்தில் நின்ற அறை அக்கற்பனைக்கு ஆதாரம்போல் தோன்றியது.

ஆனால் அக்கருமை அறையைப் படைத்தோரின் கருத்தில் இருந்ததன்று. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள திமிஷ்க் அறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஹிஜ்ரி 1119 (கி.பி. 1707) என்று ஆண்டு பொறிக்கப்பட்ட இக்கூடம் 1930களின் தொடக்கத்தில் ஹாகோப் கெவோர்கியான் என்னும் கலைப்பொருள் வணிகரால் வாங்கப்பட்டு, 1970இல் அவர் பெயரிலான அறக்கட்டளையின் கொடையாக அருங்காட்சியகத்தை அடைந்தது. 2008இல் பலகைகள் கழற்றப்பட்டு விரிவாக ஆராயப்பட்டன. 2011இல் புதிய கூடத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. அறை திமிஷ்கில் இருந்த காலத்திலேயே அவ்வப்போது பூசப்பட்ட வார்னிஷ் படலங்கள் நாளடைவில் கருத்து, மூல வண்ணங்களின் ஒளியையும் நுணுக்கத்தையும் மறைத்துவிட்டன என்பது அவ்வாய்வில் தெளிவாயிற்று. முட்டைக் கரு வண்ணத்தின் அமைதியும் வெள்ளீயத்தின் மின்னலும் ஒரே பழுப்புப் போர்வைக்குள் ஒடுங்கின.

இங்கு நாம் நடுநிலை தவறலாகாது. வார்னிஷ் பூசியவர் மேலைநாட்டவர் அல்லர், அவ்வீட்டார்தாம். வரவேற்பு அறையைக் காலந்தோறும் புதுப்பிப்பது திமிஷ்க் செல்வர்களின் வழக்கம். பளபளப்பு மங்கியபோது இன்னொரு படலம் பூசினர். அவர்கள் நோக்கம் பேணுதலே. பூசியபோது ஒளி கூட்டிய பொருள், நூறாண்டு கழிந்தபின் ஒளியை விழுங்கியது. மேலைநாட்டு ரசனையின் பங்கு, அவ்வாறு இருண்டதையே அசல் என்று ஐயமின்றி ஏற்றுக்கொண்டதில் உள்ளது.

மங்கியதை அசலென மயங்குவது கீழைத்தேயத்து இல்லங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் மொண்டிசெல்லோ மாளிகையில் உணவுக்கூடம் 1936 முதல் மென்மையான நீல நிறத்தில் இருந்தது. கண்ணியமான பழங்கால நிறம் அதுவே எனப் பலரும் கருதினர். வண்ணப் படலங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, 1815ஆம் ஆண்டளவில் அச்சுவர் கண்ணைப் பறிக்கும் குரோம் மஞ்சளாக இருந்தது தெரிந்தது. 2010இல் அது மீண்டும் மஞ்சளாக்கப்பட்டது. முன்னோர் எல்லாரும் அடக்கமான நிறங்களையே விரும்பினர் என்பது அவர்களைப் பற்றிய செய்தியன்று. நம்முடைய விருப்பத்தை அவர்கள் மீது ஏற்றிச் சொல்வதாகும்.

நிறமி என்னும் அறிவிப்பாளர்

சுவரைச் சுரண்டிப் பார்த்து, அடியில் தெரியும் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் புதுப் பூச்சைக் கலப்பது நெடுங்காலம் வழங்கிய முறை. இம்முறை அறிவிப்பாளரின் தகுதியை ஆராயாமல் அவர் சொல்லை ஏற்பதற்கு ஒப்பானது.

ஹதீஸ் கலையில் இஃக்திலாத் என்றொரு குறை பேசப்படும். நம்பகமான அறிவிப்பாளர் ஒருவர் முதுமையில் நினைவு குழம்பிவிட்டால், குழப்பத்திற்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று பிரித்தறிந்த பின்னரே அவருடைய அறிவிப்பு ஏற்கப்படும். அதாஉ இப்னுஸ் ஸாயிப் இத்தகையோருள் பெயர் பெற்றவர். அவரிடம் முற்காலத்தில் கேட்ட ஷுஅபா, ஸுஃப்யான் ஸவ்ரீ போன்றோரின் அறிவிப்புகளை அறிஞர்கள் ஏற்றனர்.

நிறமிகளிலும் இத்தகைய முதுமைக் குழப்பம் உண்டு. கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடியை அரைத்துச் செய்யும் ஸ்மால்ட் என்னும் நிறமி, எண்ணெயில் குழைத்துப் பூசப்பட்டால் காலப்போக்கில் சாம்பல் நிறமாக மாறக்கூடும். செம்புக் களிம்பிலிருந்து செய்த பச்சை பழுப்பாகும். ஈயச் செந்தூரம் கருக்கும். அரிதார மஞ்சளும் அரக்குச் சிவப்பும் ஒளியில் வெளிறும். சுவரில் இன்று சாம்பல் தெரிகிறது என்பதால் அன்றும் சாம்பலே பூசினர் என்று முடிவு செய்பவர், முதியவரின் குழம்பிய சொல்லை அவருடைய இளமைக் கூற்றாக அறிவிக்கிறார்.

தகுந்த ஆய்வு வேறு வழியில் செல்லும். பிற்காலத்தில் எவர் கையும் படாத மூலைகளிலிருந்து, அதாவது சட்டத்தின் பின்புறம், கீலின் அடி, இணைப்பின் இடுக்கு ஆகிய இடங்களிலிருந்து, குண்டூசித் தலையினும் சிறிய துணுக்கு எடுக்கப்படும். அதைப் பிசினில் பதித்து, குறுக்கே தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் மரத்திலிருந்து மேற்பரப்பு வரையிலான படலங்கள் நூலின் ஏடுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். இரு படலங்களுக்கு இடையே அழுக்கும் புகைக்கரியும் கோடாகப் படிந்திருப்பின், கீழ்ப்படலம் நெடுநாள் வெளித்தெரிய நின்றது என்று பொருள். அழுக்குக் கோடு இல்லையெனில் இரண்டும் ஒரே வேலையின் அங்கங்களாகலாம். பின்னர் ஒவ்வொரு படலத்திலும் உள்ள நிறமி எது என்பது வேதியியல் முறைகளால் கண்டறியப்படும்.

இங்குதான் காலக் கணக்கு கைகொடுக்கிறது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் நிகழ்ந்த ஒரு வழக்கை நம் மாணவர் அறிவர். கைபர்வாசிகளான யூதர்களுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து விலக்களித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்ததாக ஓர் ஆவணம் அமைச்சர் இப்னுல் முஸ்லிமாவிடம் காட்டப்பட்டது. அதை அவர் இமாம் ஃகதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். இமாமவர்கள் பார்த்தவுடன் அது போலி என்றார்கள். சாட்சிகளுள் முஆவியா (ரலி) அவர்களின் பெயர் இருந்தது. அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியதோ ஹிஜ்ரி 8இல், மக்கா வெற்றியின்போது. கைபர் வெற்றி ஹிஜ்ரி 7இல். ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் பெயரும் இருந்தது. அவர்கள் ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார்கள். தாளையோ மையையோ சோதிக்காமல் காலக் கணக்கினாலேயே போலி வெளிப்பட்டது.

வண்ண ஆய்வின் அடிப்படையும் இதுவே. பிரஷ்ய நீலம் என்னும் செயற்கை நிறமி 18ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்டது. செயற்கை அல்ட்ராமரைன் நீலம் 1820களின் இறுதியில் உருவானது. டைட்டானியம் வெள்ளை 20ஆம் நூற்றாண்டின் பொருள். 1603ஆம் ஆண்டுப் பலகையில் பிரஷ்ய நீலம் இருந்தால் அது பின்னாளைய கை. டைட்டானியம் வெள்ளை இருந்தால் மிக அண்மைக் கை. பிறக்காத நிறமி சாட்சிக் கையெழுத்து இட முடியாது. எனினும் இச்சான்று ஒரு திசையில் மட்டுமே வெட்டும் என்பதையும் மறக்கலாகாது. புதிய நிறமி இருப்பது பூச்சு புதியது என்று காட்டும். பழைய நிறமி மட்டும் இருப்பது பூச்சு பழையது என்று காட்டாது. அவுரியும் சாதிலிங்கமும் எக்காலத்தவர் கையிலும் இருந்தவை.

மெருகூட்டப்பட்ட எழுத்துச் சான்று

சுவர் பேசாத இடத்தில் நூலைக் கேட்கலாம் என்று கருதுவோர் உண்டு. நூலுக்கும் வார்னிஷ் உண்டு என்பதற்குத் திமிஷ்க் நகரமே சான்று தருகிறது.

18ஆம் நூற்றாண்டில் அந்நகரில் முடி திருத்தும் தொழில் செய்த அஹ்மத் அல்புதைரி என்பார் 1741 முதல் 1762 வரை ஊர் நிகழ்ச்சிகளை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். ஆளுநர் அஸ்அத் பாஷா அல்அழ்ம் தம் புகழ்பெற்ற மாளிகையைக் கட்டியபோது எங்கெங்கிருந்தோ மரமும் கல்லும் தூணும் கொண்டுவரப்பட்டதையும், நகரத்துக் கைவினைஞர் எல்லாரும் அப்பணியிலேயே முடங்கியதையும் அவர் பதிவு செய்துள்ளார். அவ்வீட்டின் வரலாற்றை எழுதுவோர் எவரும் இந்நூலைத் தவிர்க்க இயலாது. ஆனால் 1959இல் அச்சேறி அறிஞர் அனைவரும் பயன்படுத்திய வடிவம் புதைரியின் சொந்த வாசகம் அன்று. 1900இல் மறைந்த முஹம்மத் ஸயீத் அல்காஸிமீ என்னும் அறிஞர், முடிதிருத்துநரின் பேச்சு வழக்கைச் செப்பனிட்டும் வேண்டாதவை எனத் தமக்குத் தோன்றியவற்றை நீக்கியும் அமைத்த வடிவம் அது. மூலப் பிரதி டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருந்தது. 2013இல் டானா ஸஜ்தி வெளியிட்ட ஆய்வு நூல் இரண்டையும் ஒப்பிட்டு, செப்பனிடப்பட்டதில் இழக்கப்பட்டவை எவை என்பதை எடுத்துக்காட்டியது.

அல்காஸிமீ தீய எண்ணத்துடன் செய்தவர் அல்லர். திமிஷ்கின் கைத்தொழில்களை அகராதி வடிவில் தொகுக்கத் தொடங்கிய பெருமையும் அவருக்கே உரியது. எஞ்சிய பகுதியை அவருடைய மகனார் ஜமாலுத்தீன் அல்காஸிமீயும் மருமகன் கலீல் அல்அழ்மும் நிறைவு செய்தனர். ஹதீஸ் கலையின் நெறிகளைத் தொகுத்த 'கவாயிதுத் தஹ்தீஸ்' நூலை இயற்றியவரும் இந்த ஜமாலுத்தீனே. கைவினைஞரின் தொழிலறிவையும் சாட்சியத்தை எடை போடும் நெறியையும் ஒரே குடும்பம் பேணி வைத்தது. அக்குடும்பத்தின் கை பட்ட நாட்குறிப்பே மெருகினால் மறைந்தது என்றால், பேணுவோரின் அன்பும் ஆராயப்பட வேண்டியதே என்பது விளங்கும்.

இடைச்செருகலும் மறைத்தலும்

இந்நெறிகளைக் கொண்டு மெட்ரோபாலிட்டன் அறையை மதிப்பிட்டால் பாராட்டத்தக்கதும் உண்டு. குறை சொல்லத்தக்கதும் உண்டு.

அறிவிப்பாளரின் சொல் மூல வாசகத்தோடு பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிட்டால் அதனை முத்ரஜ் என்பர். 1970களில் இவ்வறை அமைக்கப்பட்டபோது இத்தகைய கலப்பு நேர்ந்தது. தஸர் தளத்தின் சிவப்பும் வெள்ளையுமான பளிங்குக் கட்டங்களும் படியின் முகப்பும் வேறொரு திமிஷ்க் இல்லத்தைச் சேர்ந்தவை, காலத்தாலும் பிற்பட்டவை. மாடத்தின் பின்புற ஓடுகள் அருங்காட்சியகத்தின் சேமிப்பிலிருந்து தேர்ந்து பதிக்கப்பட்டவை. பார்வையாளர் கண்ணுக்கு அனைத்தும் ஒரே வீடாகத் தெரிந்தன. அறையின் நிற ஒருமை என்று நாம் வியப்பதில் ஒரு பகுதி, அமைப்பாளரின் தேர்வாகும்.

மறுபுறம், 2008க்குப் பிந்தைய ஆய்வாளர் இவற்றை வெளிப்படையாக அறிவித்தனர். அதுவரை நூருத்தீன் அறை என்று வழங்கிய பெயரையும் கைவிட்டனர். விற்பனை ஆவணங்களில் வந்த அப்பெயர் வீட்டு உரிமையாளருடையது அன்று, 12ஆம் நூற்றாண்டு ஆட்சியாளர் நூருத்தீன் ஸங்கியின் பெயர் தாங்கி அருகிலிருந்த கட்டடத்தைக் குறித்திருக்கலாம் என அவர்கள் கண்டனர். உரிமையாளர் அறியப்படாதவர் என்று ஒப்புக்கொண்டு 'திமிஷ்க் அறை' எனப் பெயர் மாற்றியது, அறியாத அறிவிப்பாளரை மஜ்ஹூல் என்று குறிக்கும் நேர்மைக்கு ஒப்பாகும். அவர்கள் பணியில் மிகச் சிறந்தது இதுவென்றே கருதுகிறேன்.

பின்னாளைய சேர்க்கைகள் எல்லாம் களையத்தக்கவை என்பதும் பிழை. அதே அறையில் தெற்குச் சுவரின் அலமாரிக் கதவுகள் சில, பிந்தைய துருக்கிய ரொகோகோ பாணியில் கட்டடக் காட்சிகளைத் தாங்கியவை. அவை வீடு உயிரோடிருந்த காலத்தில் வீட்டாரே விரும்பிச் செய்த மாற்றங்கள். 1707இன் தூய்மையை நாடி அவற்றை அகற்றுவது, பிற்கால அறிவிப்பாளர் என்பதற்காகவே ஒருவரைத் தள்ளுவதாகும். சேர்க்கை குற்றமன்று, சேர்த்ததைச் சொல்லாமை குற்றம்.

அக்குற்றத்திற்கு நம் மரபில் தத்லீஸ் என்று பெயர். விற்கும் பொருளின் குறையை மறைப்பதே அச்சொல்லின் வழக்குப் பொருள். அதன் வேரான தலஸ் இருளைக் குறிக்கும். 1979இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட திமிஷ்கின் பழைய நகரில் 1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் பல இல்லங்கள் உணவகங்களாகவும் விடுதிகளாகவும் மாற்றப்பட்டன. பாழடைய இருந்த வீடுகளுக்கு அது வாழ்வளித்தது உண்மை. ஆனால் அவற்றுட் சிலவற்றில் பழைய பலகைகள் தேய்க்கப்பட்டு, செயற்கை வண்ணமும் பொன்னிறப் பூச்சும் ஏறின. விருந்தினருக்கு அவை முந்நூறாண்டுப் பழமையாகக் காட்டப்பட்டன. வார்னிஷின் இருளை நீக்கினாலும் அதற்கடியில் உண்மை காத்திருக்கும். தேய்த்து எடுத்தபின் அடியில் காத்திருப்பது வெறும் மரம். இருளடைந்த அறையைவிட இவ்வாறு பளபளக்கும் அறையே மிகுதியாக இழந்தது.

கல்வெட்டு அடிகளுக்கு வரும் கேடு இன்னும் நுட்பமானது. அரபு தெரியாத தூரிகை எழுத்துகளுக்கு மறுபடி பொன் பூசும்போது ஒரு புள்ளி இடம் மாறினாலும் சொல் வேறாகும். இதனைத் தஸ்ஹீஃப் என்று நம் அறிஞர் தனி நூல்களில் ஆராய்ந்தனர். பலகைகள் கழற்றி அடுக்கப்படும்போது வரிசை மாறுவதும் உண்டு. மெட்ரோபாலிட்டன் அறையின் கவிதை தோட்ட உவமையில் தொடங்கி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழுக்கும், வீட்டின் உறுதிக்கும், பெயர் சொல்லப்படாத உரிமையாளரின் பண்புகளுக்கும் சென்று, ஆண்டைக் குறிக்கும் பலகையில் முடிகிறது. இப்போக்கை வாசிக்க வல்லவர் பலகையின் இடத்தை உறுதிப்படுத்தவும் வல்லவர். மீட்புக் குழுவில் வேதியியலாளருக்கு உள்ள இடம் அரபு யாப்பும் எழுத்தும் அறிந்தவருக்கும் வேண்டும் என்பது இதனாலேயே.

அடிக்குறிப்பு இல்லாத ஏடு

சுவரைச் சுவடியோடு ஒப்பிடும் வாதம் ஓர் இடத்தில் தடைப்படும். அதைத் தவிர்த்துச் செல்வது முறையாகாது. சுவடியைப் பதிப்பிப்பவர் ஒரு பாடத்தை மேலே அச்சிட்டு, ஏனைய பாடங்களை அடிக்குறிப்பில் தரலாம். வாசகர் விரும்பினால் அவர் முடிவை மறுக்கலாம். சுவருக்கு அடிக்குறிப்பு இல்லை. ஒரு நிறம் ஏறினால் மற்றவை கண்ணிலிருந்து மறைகின்றன. வார்னிஷை ஒருமுறை கரைத்துவிட்டால் மீண்டும் வராது. அதனுடன் ஒளி ஊடுருவும் மெல்லிய மெருகும் கரைந்து போகலாம்.

இவ்விடத்தில் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் உள்ள இன்னொரு திமிஷ்க் அறை துணைக்கு வருகிறது. ஹிஜ்ரி 1225 (கி.பி. 1810–11) என்று ஆண்டிட்ட அதை 1899இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஓஸ்த்ஹவுஸ் என்னும் கலைப்பொருள் சேகரிப்பாளர் வாங்கினார். 1930இல் அது ட்ரெஸ்டன் அருங்காட்சியகத்தை அடைந்தது. பொருத்தப்படாமல் பலகைகளாகவே நெடுங்காலம் கிடந்தது. 1997க்குப் பின்னரே மீட்புப் பணி தொடங்கியது. பின்னாளைய வார்னிஷ் பூச்சு ஏறாததால் அதன் வண்ணங்கள் பெரிதும் முதல் ஒளியுடன் எஞ்சின. எவரும் புரட்டாத பிரதி கறைபடாமல் இருப்பது போன்றது இது. அவ்வறையில் பணியாற்றிய ஆங்கே ஷாராஸ் 2013இல் திமிஷ்கின் அஜமி அறைகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இக்கலையின் மூல நிறங்களை நாம் கற்பனையின்றிப் பேசுவதற்கு இத்தகைய உழைப்பே அடித்தளம்.

எனினும் ட்ரெஸ்டன் அறையின் நிறங்களை அப்படியே நியூயார்க் அறைக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் இடையே நூறு ஆண்டுகள். ரசனை மாறியது, நிறமிகளும் மாறின. அடிப்படைக் காரணம் வேறுபட்ட இரண்டை ஒப்பிட்டுச் சட்டம் வகுப்பதைக் கியாஸ் மஅல் ஃபாரிக் என்று ஃபிக்ஹு அறிஞர் தள்ளுவர். ஒரு நல்ல பிரதி மற்றொரு பிரதியை ஐயுறக் கற்றுத் தரும்; அதன் இடத்தை அது நிரப்பாது.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? மூலப் பலகையின் மீது மீளாத எதையும் செய்யாதிருத்தல் முதலாவது. கண்டறிந்த மூல வண்ணத்தைத் தனிப் பலகையில் அதே குழம்பு, அதே வெள்ளீயம், அதே மெருகு கொண்டு செய்து, பழையதன் அருகே வைத்தல் இரண்டாவது. சுவரில் ஒரு கையகலப் பகுதியில் படலங்களைப் படிப்படியாகத் திறந்து, காண்போர் வரலாற்றைக் காணுமாறு விடுதல் மூன்றாவது. எந்த நிறம் சான்றால் நிறுவப்பட்டது, எது ஒப்புமையால் ஊகிக்கப்பட்டது, எது அழகு கருதிச் சேர்க்கப்பட்டது என்பதை எழுதி அறையிலேயே வைத்தல் நான்காவது. மக்கள் குடியிருக்கும் வீட்டில் இவை அனைத்தும் இயலாமற் போகலாம். அங்கும் நான்காவதற்கு விலக்கு இல்லை. அடிக்குறிப்பில்லாத சுவருக்கு நாமே அடிக்குறிப்பு எழுத வேண்டும்.

இன்றைய அவசரம்

செல்வர் வீட்டுச் சுவரின் நிறத்திற்கு இத்தனை ஆய்வு வேண்டுமா என்று வினவலாம். சிரியாவின் அண்மை வரலாறு அதற்கு விடை தருகிறது. 2011இல் தொடங்கிய போரில் ஹலப் நகரின் பழைய பகுதி பெரும் அழிவைக் கண்டது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கஸாலா இல்லம் கடுமையாகச் சேதமுற்றது. அதன் வண்ணப் பலகைகள் களவு போயின. 2023 பிப்ரவரி நிலநடுக்கம் எஞ்சியவற்றையும் உலுக்கியது. அதே ஆண்டு ஜூலையில் திமிஷ்கின் ஸாரூஜா பகுதியில் மூண்ட தீ, அப்துர் ரஹ்மான் பாஷா அல்யூஸுஃபின் மாளிகையை விழுங்கியது. 2024 டிசம்பரில் ஆட்சி மாறியபின் மீள்கட்டுமானம் பற்றிய பேச்சு எங்கும் எழுந்துள்ளது. வீடுகள் மீண்டும் எழும். சுவர்களுக்கு யாரேனும் வண்ணம் பூசுவர். எந்த ஆதாரத்தைக் கொண்டு பூசுவர் என்பதே வினா.

அவ்வாதாரங்களுள் பல இன்று நியூயார்க்கிலும் ட்ரெஸ்டனிலும் பெர்லினிலும் உள்ளன. அவை அங்குச் சென்ற வழியைப் பற்றி வருத்தம் கொள்ள இடமுண்டு. ஆனால் வீடு எரிந்தபின் எஞ்சிய பிரதி அயல்நாட்டு நூலகத்தில் இருந்தால், அறிஞர் அங்கு சென்று படியெடுப்பாரேயன்றி அதைப் புறக்கணிக்கமாட்டார். அவ்வருங்காட்சியகங்களுக்கும் ஒரு கடமை உண்டு. படலங்களைப் பற்றியும் நிறமிகளைப் பற்றியும் தாம் கண்டவற்றை ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் மட்டும் வைத்திராமல், திமிஷ்கிலும் ஹலபிலும் தூரிகை பிடிக்கும் கைவினைஞர் வாசிக்கும் அரபியிலும் தர வேண்டும். அமானிதமாக வைத்திருப்பது அதன் உரியவர்க்குப் பயன்படுவதே அவ்விருப்பிற்கு நியாயமாகும்.

மெட்ரோபாலிட்டன் அறையின் கவிதை வீட்டு உரிமையாளரைப் பலவாறு புகழ்கிறது, பெயரைச் சொல்லவில்லை. பலகைகளை வண்ணமிட்டவர்களைப் பற்றியோ அது வாய் திறக்கவே இல்லை. ஜிப்சத்தைக் குழைத்து, வெள்ளீயத்தை ஒட்டி, ஒரு மலர் எவ்வளவு மின்ன வேண்டும் என்று முடிவு செய்த அக்கைவினைஞர்கள் நமக்கு விட்டுச் சென்ற சொல் அவ்வண்ணப் படலம் ஒன்றே. மீட்புப் பணி செய்வோர் அச்சொல்லைத் தம் விருப்பப்படி திருத்தாமல், கேட்ட அளவிற்கு மட்டும் அறிவிப்பார்களாயின், அதுவே அக்கைவினைஞர்களுக்குச் செய்யும் நீதியாகும்.